1958ல மொய்சேயெவ் குரூப்புக்கு அமெரிக்கா ஏன் அப்படி கை தட்டுச்சு? ரஷ்ய நாட்டுப்புற ஆட்டம், பாட்டு பத்தி பேசலாம் வாங்க

ஓஹையோ_செந்தில் எழுதியது:

யூடியூப்ல எட் சல்லிவன் ஷோவோட பழைய எபிசோட் ஒண்ணு மாட்டுச்சு மக்களே, தேதி 1958 ஜூன் 29. அந்தக் காலத்துல ஞாயித்துக்கிழமை ராத்திரி அமெரிக்கால ஏகப்பட்ட வீட்ல ஓடுன ஷோ அது, அன்னிக்கு முழு ஒரு மணி நேரத்தையும் மாஸ்கோல இருந்து வந்த மொய்சேயெவ் நடனக் குழுவுக்கே தூக்கிக் குடுத்திருக்காங்க. கருப்பு வெள்ளைதான், பிரிண்ட் சுமார்தான், ஆனா அந்தப் பசங்க உக்காந்த வாக்குல காலை வீசுறதும் அப்படியே எகிறி காத்துல ரெண்டு காலையும் விரிச்சு கால் விரலைத் தொடுறதும் பாத்தா இன்னிக்கும் வாய் பொளக்குது.

எனக்குப் புரியாதது என்னன்னா, 1957 அக்டோபர்ல தான் ஸ்புட்னிக் மேல போயி அமெரிக்காவே அரண்டு போய் கெடந்துச்சு, ஸ்கூல் பசங்களுக்கு குண்டு விழுந்தா டெஸ்க்குக்கு அடியில எப்படி பூந்துக்கணும்னு டிரில் நடந்த காலம், அப்பேர்ப்பட்ட நேரத்துல சோவியத் சர்க்கார் சம்பளம் குடுக்குற ஒரு குழுவுக்கு இவ்வளவு வரவேற்பு எப்படி? ரெண்டாவது, இது நெஜமாவே ரஷ்ய கிராமத்துல ஆடுற ஆட்டம் தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_வாசகர் எழுதியது:

செந்தில் தம்பி, நல்ல இழை ஆரம்பிச்சீங்க. சின்ன வயசுல எங்க வீட்டுக்கு சோவியத் நாடு பத்திரிகை வரும், அந்த வழவழ பேப்பர் தான் எங்க நோட்டுக்கெல்லாம் அட்டை, பேரிய்ஸ்காங்கற ரஷ்ய நடனக் குழுப் பொண்ணுங்க வரிசையா நிக்கிற படத்தை எல்லாம் அதுலதான் முதல்ல பாத்தேன். சரி கதைக்கு வர்றேன்.

முதல் கேள்விக்கு பதில் ஒரு ஒப்பந்தமும் ஒரு ஆளும். ஒப்பந்தம் 1958 ஜனவரி 27ல கையெழுத்தானது, லேசி - ஸரூபின் ஒப்பந்தம்னு பேரு, படிப்பு, விஞ்ஞானம், கலை எல்லாத்துலயும் ஆள் மாத்தி ஆள் அனுப்பிக்கலாம்னு. அதுக்கு முன்னாடி சின்ன முட்டுக்கட்டை ஒண்ணு இருந்துச்சு, அமெரிக்கா வர்ற வெளிநாட்டுக்காரன் கைரேகை குடுக்கணும்னு அவங்க சட்டம், நாங்க என்ன திருடனா கைரேகை வைக்கன்னு சோவியத்காரன் மறுத்துட்டான். 1957ல அந்த விதியைத் தளர்த்துன பிறகுதான் வழி திறந்துச்சு. நீ ஒண்ணு அனுப்பு நான் ஒண்ணு அனுப்புறேன் கணக்கு தான், அதே வருஷம் பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா சோவியத்துக்குப் போயிட்டு வந்துச்சு.

ஆள் யாருன்னா சால் ஹூராக். 1888ல ரஷ்யப் பேரரசுல போகார்ங்கற ஊர்ல பொறந்த யூதர், 1906ல அமெரிக்காவுக்கு ஓடி வந்தவர், இங்க பெரிய நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஆயிட்டாரு. போஸ்டர்ல கலைஞர் பேருக்கு மேல "எஸ். ஹூராக் வழங்கும்"னு தன் பேரு இருந்தே ஆகணும் அவருக்கு. மொய்சேயெவ் குழுவை இறக்குனது அவர்தான், ஏறக்குறைய நூறு பேரு, 1958 ஏப்ரல் 14ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸ்ல ஆரம்பம். கூட்டம் தாங்காம மேடிசன் ஸ்கொயர் கார்டன்லயும் வச்சாங்க, அது குத்துச்சண்டை நடக்குற இடம்.

இன்னொரு யோகம் பாருங்க, அதே ஏப்ரல்ல தான் டெக்சாஸ்ல வளந்த வான் கிளைபர்ன் மாஸ்கோல முதல் சாய்கோவ்ஸ்கி பியானோ போட்டில ஜெயிச்சாரு. அங்க நம்ம பையன் ஜெயிச்சிருக்கான், இங்க அவங்க பையன் ஆடுறான், பேப்பர்காரனுக்கு ரெண்டு பக்கமும் நல்ல சேதி. பயந்து போன ஜனங்களுக்கு எதிராளியோட முகத்தைப் பாக்கணும்னு ஒரு ஆசை இருக்கும்ல, பாத்தா அது சிரிச்ச முகமா இருக்கு, வேர்த்துக் கொட்டிக்கிட்டு ஆடுது. கடைசில என்கோருக்கு வர்ஜீனியா ரீல் ஆடுனாங்க, அமெரிக்காவோட சொந்த கிராமத்து ஆட்டம்! அரங்கமே எந்திரிச்சிருச்சு.

---

பிட்சா_பாண்டி எழுதியது:

எனக்குத் தெரிஞ்ச ஒரே ரஷ்யப் பாட்டு டெட்ரிஸ் மியூசிக் தான். 1989 கேம்பாய். அதுவும் லிஸ்ட்ல உண்டா 😂

---

பாலலைகா_பாலு எழுதியது:

உண்டு பாண்டி. அது பேரு கொரொபெய்னிகி, ஊர் ஊரா பொதி சுமந்து துணிமணி விக்கிற வியாபாரியைப் பத்தின பாட்டு, வரிகள் நெக்ராசோவ் 1861ல எழுதுன கவிதைல இருந்து வந்தது. கவிதை தான் முதல்ல, ஜனங்க பாடிப்பாடி நாட்டுப்பாட்டு ஆயிருச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் வேலைக்கு ஆகும்.

---

கிராமத்துக்குரல் எழுதியது:

எல்லாரும் பரவசத்துல இருக்கீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிறேன்.

செந்தில் சார் ரெண்டாவது கேள்விக்கு பதில்: இல்லை. இந்தக் குழுவை ஆரம்பிச்ச மொய்சேயெவ் கிராமத்து ஆள் இல்ல, போல்ஷோய் தியேட்டர்ல பாலே ஆடுனவரு. 1936ல மாஸ்கோல எல்லா குடியரசு நாட்டுப்புற ஆட்டக்காரங்களையும் கூட்டி விழா வச்சாங்க, அதுக்கு அடுத்த வருஷம் 1937ல இந்தக் குழு. 1937 எந்த மாதிரி வருஷம்னு வரலாறு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒரு பக்கம் ஸ்டாலினோட போலீஸ் ராத்திரியோட ராத்திரியா ஆளைத் தூக்கிட்டுப் போறான், கூட்டுப்பண்ணைன்னு கிராமத்தையே கலைச்சுப் போட்டாச்சு, இன்னொரு பக்கம் மேடைல எல்லா தேசிய இனமும் கைகோத்து சிரிச்சுக்கிட்டே ஆடுது. கிராமத்துல ஆடுறவன் தனக்காக ஆடுறான், கல்யாணத்துல ஆடுறான், குடிச்சுட்டு ஆடுறான், வட்டமா நின்னு ஆடுறான், பாக்குறதுக்குன்னு ஒரு பக்கமே அதுல கெடையாது. இவரு அதை எடுத்து நாப்பது பேரை ஒரே கோட்டுல நிறுத்தி, எல்லாரும் ஒரே உயரத்துக்கு காலைத் தூக்கி, முகத்தை ஆடியன்ஸ் பக்கம் திருப்பி, ஆறு நிமிஷத்துல முடியற மாதிரி சுருக்கிட்டாரு. அமெரிக்காக்காரன் பாத்தது சோவியத் ஒன்றியத்தோட விளம்பரப் படம். அதுல ஆன்மா கீன்மான்னு எழுதி வச்சான் பாருங்க, அங்கதான் எனக்கு எரியும்.

---

நட்டுவாங்கம் எழுதியது:

> கிராமத்துக்குரல்: அதை எடுத்து நாப்பது பேரை ஒரே கோட்டுல நிறுத்தி

தம்பி நீங்க சொன்ன வரலாறு எல்லாம் சரி, ஆனா "சுருக்கிட்டாரு"னு ஒரே வார்த்தைல தள்ளிட்டீங்க பாருங்க, அங்க நான் நிக்கிறேன். நான் பிள்ளைங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கிறவ, அதனால வேலையை மட்டும் பேசுறேன்.

பார்ட்டிஸான்ஸ்னு அவரோட உருப்படி ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. தரை வரைக்கும் தொங்குற கருப்பு காக்கேசிய மேலங்கி போட்டுக்கிட்டு ஆம்பளைங்க வர்றாங்க. கால் தெரியாது. உள்ளுக்குள்ள குட்டி குட்டியா அடி வச்சு வேகமா ஓடுறாங்க ஆனா தோள் ஒரு இம்மி ஏறாது இறங்காது, பாக்குறவனுக்கு குதிரை மேல போற ஆளு மாதிரியே இருக்கும், குதிரை இல்ல, பொம்மையும் இல்ல, எல்லாம் முட்டியும் கணுக்காலும் தான். அந்த மேலங்கியைத் தூக்கி எறிஞ்சதும் ஆட்டம் வேற ஆயிடும். இது எந்தக் கிராமத்துலயும் இல்ல, சரி, ஒத்துக்கிறேன். அதனால என்ன? இதை ஒரு ஆள் உக்காந்து யோசிச்சு செஞ்சிருக்காரு, அது தானே சமாச்சாரமே.

இன்னொண்ணு, ரெண்டு நானாய் சிறுவர்கள் மல்லுக்கட்டுறது. நானாய்ங்கறது சைபீரியாவுக்கு கிழக்க ஆமுர் ஆத்தங்கரைல இருக்கிற சின்ன இனம். தடியா உடுப்பு மாட்டுன ரெண்டு குட்டிப் பசங்க கட்டிப் புடிச்சு உருளுவாங்க, ஒருத்தனை ஒருத்தன் தள்ளுவான், தூக்கி அடிப்பான், அரங்கம் சிரிச்சு மாளாது, கடைசில உடுப்பை உதறிட்டு எந்திரிச்சா ஒரே ஒரு ஆளு! முதுகுல ரெண்டு பொம்மையைக் கட்டிக்கிட்டு, கைக்கும் பூட்ஸ் மாட்டி நாலு கால்ல குனிஞ்சு ஆடியிருக்கான். இதுக்கு மொழி வேண்டாம், விளக்கம் வேண்டாம். அமெரிக்கால கை தட்டுனதுக்கு பாதி காரணம் இந்த மாதிரி நகைச்சுவை தான்னு நான் சொல்வேன், ஃபுட்பால் மேட்சை வச்சே ஒரு உருப்படி பண்ணியிருக்காரு மனுஷன், கோல்கீப்பர் பாயுறது வரைக்கும்.

அப்புறம் பேரிய்ஸ்கா. 1948ல நதேஷ்தா நதேஷ்தினா ஆரம்பிச்ச பெண்கள் குழு, அந்தம்மாவும் போல்ஷோய்ல ஆடுனவங்க தான். 1958 கடைசில இவங்களையும் ஹூராக் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தாரு. சிவப்பு சரஃபான், அதாவது நீளமான ரஷ்யக் கவுன், தரையைத் தொடும், கைல பிர்ச் மரத்துக் கிளை, பொண்ணுங்க சக்கரம் வச்ச பொம்மை மாதிரி சறுக்கிட்டே போவாங்க. கீழ பெல்ட் ஓடுதா, ரோலர் ஸ்கேட் போட்டிருக்காங்களான்னு ஜனங்களுக்கு சந்தேகமே வந்துருச்சு. ஒண்ணும் இல்ல, முன்பாதத்துல நின்னு அரை அடிக்கும் கம்மியா வச்சு வச்சு நடக்கிறது, முட்டி எப்பவும் லேசா மடங்கி இருக்கணும், பாவாடை ஆடக்கூடாது. வீட்டு ஹால்ல செஞ்சு பாருங்க, ஒரு நிமிஷத்துல ஆடுசதை பிடிச்சுக்கும். கரவோத்ங்கற வட்ட ஆட்டம் கிராமத்துல இருக்கு, அதோட அமைதியை எடுத்துக்கிட்டு இந்த நடையை அந்தம்மா உருவாக்குனாங்க. இதைப் பொய்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

---

கிராமத்துக்குரல் எழுதியது:

அக்கா, நான் ஆட்டம் நல்லா இல்லன்னு சொல்லல. அந்தப் பேர்ப்பலகையைத் தான் சொல்றேன். அவரு பண்ணது பாலே, அப்படியே சொல்லி வித்திருந்தா எனக்குப் பிரச்சனை இல்ல, "ரஷ்ய நாட்டுப்புறம்"னு லேபிள் ஒட்டுனதுல தான். அதைப் பாத்துட்டு எல்லா நாடும் சர்க்கார் காசுல ஒரு நாட்டுப்புறக் குழு ஆரம்பிச்சு, எல்லாருக்கும் அதே வரிசை, அதே சிரிப்பு. உடுப்பு மட்டும் தான் வேற.

---

பாலலைகா_பாலு எழுதியது:

ரெண்டு பேரும் ஆட்டத்துலயே நிக்கிறீங்க, பாட்டுப் பக்கம் வாங்க, இந்த அசல் போலி பஞ்சாயத்து 1958ல ஆரம்பிச்சதே இல்ல.

நான் இங்க ஒரு பாலலைகா ஆர்க்கெஸ்ட்ரால வாசிக்கிறேன், பாலலைகாங்கறது முக்கோண வடிவ ரஷ்யக் கம்பி வாத்தியம். மேண்டலின் வாசிச்ச கை, அதனால தொம்ராங்கற இன்னொரு ரஷ்யக் கம்பி வாத்தியத்தைக் குடுத்து உக்கார வச்சாங்க. எங்க குழுல ரஷ்ய வம்சாவளிக்காரங்க கொஞ்சம் பேரு தான், மத்தவங்க ரிட்டயர்டு டீச்சர், எஞ்சினியர், ஒரு பல் டாக்டர், எல்லாம் பக்கா அமெரிக்கர்கள். இது எப்படி வந்துச்சுன்னு பாத்தா வாசிலி அந்த்ரேயெவ்ல போய் முடியும். 1861ல பொறந்த நிலப்பிரபு வீட்டுப் பிள்ளை, ட்வேர் பக்கம். பண்ணையாள் ஒருத்தன் வாசிக்கிறதைக் கேட்டு மயங்கிட்டாரு. அந்தக் காலத்து பாலலைகா கையால செதுக்குன கரடுமுரடான சாமான், நகர்ற கட்டு, வடிவமும் ஊருக்கு ஊரு வேற. இவரு பீட்டர்ஸ்பர்க்ல வயலின் செய்யிற ஆசாரிங்களைப் பிடிச்சு சுதி சரியா நிக்கிற மாதிரி புதுசா செய்ய வச்சாரு, அப்புறம் பிரிமா, செகுண்டா, ஆல்ட்டோ, பாஸ், கான்ட்ராபாஸ்னு குடும்பமாவே பெருக்கிட்டாரு. கான்ட்ராபாஸை நேர்ல பாத்தா சிரிப்பு வரும், ஆளு உசரத்துக்கு ஒரு முக்கோணம், ஒரு மூலையை கம்பி வச்சு தரைல ஊணி, தோல்ல செஞ்ச பெரிய மீட்டு வில்லையால (பிக்) அடிக்கணும். பிரிமாவுக்கு வில்லையே கெடையாது, வெறும் ஆள்காட்டி விரல், மூணு கம்பில ரெண்டுக்கு ஒரே சுதி. முதல் கச்சேரி 1888ல. 1910-11ல அந்த்ரேயெவ் தன்னோட பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்தாரு, அதுக்கப்புறம் தான் இங்க குடியேறுன ரஷ்யர்கள் மத்தியில ஊருக்கு ஊர் பாலலைகா குழு. இன்னிக்கு அமெரிக்க பாலலைகா தொம்ரா சங்கம்னே ஒண்ணு இருக்கு, 1978ல இருந்து, வருஷா வருஷம் மாநாடு கூட்டுறாங்க.

அதாவது "பழங்கால ரஷ்ய கிராமத்து வாத்தியம்"னு நாங்க மேடைல அறிமுகப்படுத்துற சாமானுக்கு டைப்ரைட்டர் வயசு தான். பாட்டும் அப்படித்தான். கலின்கா? இவான் லாரியோனொவ்னு ஒருத்தர் 1860ல மெட்டு போட்டது. கறுப்புக் கண்கள் பாட்டோட வரி ஒரு உக்ரைன் கவிஞர் எழுதுனது. மாஸ்கோ மாலைப் பொழுது பாட்டு 1950கள்ல சொலொவ்யோவ் செதோய் போட்ட மெட்டு, அதை கென்னி பால்ங்கற பிரிட்டிஷ் டிரம்பெட்காரர் ஜாஸ் ஆக்கி 1962ல அமெரிக்க பட்டியல்ல ரெண்டாவது இடம் வரைக்கும் கொண்டு போனாரு. 1968ல மேரி ஹாப்கின் பாடி உலகமே முணுமுணுத்த பாட்டு கூட போரிஸ் ஃபோமின்ங்கற ரஷ்யரோட மெட்டு. வோல்கா படகுக்காரங்க பாட்டு உழைக்கிற ஜனங்களோடது தான், ஆனா அதை அமெரிக்கா ஷல்யாபின்ங்கற ரஷ்ய ஆப்பரா பாடகர் குரல்ல கேட்டுச்சு, அப்புறம் 1941ல கிளென் மில்லர் ஸ்விங் பேண்ட்ல கேட்டு நம்பர் ஒன் ஆக்குச்சு.

கச்சேரில கலின்கா வாசிக்கலைன்னா ஆடியன்ஸ் விடாது. மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏத்தி ஏத்தி, அவங்க கை தட்ட ஆரம்பிச்சு, தாளம் நம்மள விட்டு ஓடி, தொம்ராக்காரன் வெரல் தேஞ்சு... எனக்கு அந்தப் பாட்டு மேல வெறுப்பே வந்துருச்சு, ஆனா தட்டுறவங்க முகத்தைப் பாத்தா வாசிக்கத் தான் தோணும்.

---

ஓஹையோ_செந்தில் எழுதியது:

பாலு அண்ணே செம. அப்ப 1958க்கு முன்னாடியே அமெரிக்கால இதுக்கு மார்க்கெட் இருந்துச்சா?

---

பழைய_வாசகர் எழுதியது:

இருந்துச்சாவா! 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பொறகு ஊரை விட்டு ஓடி வந்தவங்க தான் அந்த மார்க்கெட். 1922ல நிகிதா பாலியெவ் ஷோவ் சூரிங்கற கதம்ப நிகழ்ச்சியை நியூயார்க்ல இறக்குனாரு, மரச் சிப்பாய் அணிவகுப்பு, விவசாயி வேஷம், பாட்டு, இவரு நடுவுல வந்து அரைகுறை இங்கிலீஷ்ல கலாய்ப்பாரு, பெரிய ஹிட்டு.

அப்புறம் டான் கசாக் பாடகர் குழு. இவங்க புரட்சியை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோத்துப்போன வெள்ளைப் படைக்காரங்க, 1921ல துருக்கில சிலிங்கிர்ங்கற அகதி முகாம்ல, காலரா பசின்னு செத்துக்கிட்டு இருந்த எடத்துல, செர்ஜி ஜாரொவ்னு குள்ளமா ஒரு மனுஷன் சிப்பாய்ங்களைச் சேத்து கோயில் பாட்டு பாட வச்சாரு. 1930ல முதல் தடவை அமெரிக்கா வந்தாங்க. கருப்பு உடுப்பு, பூட்ஸ், அடித்தொண்டைல இருந்து ஃபால்செட்டோங்கற உச்சப் பொய்க்குரல் வரைக்கும் எல்லாம் ஆம்பளைக் குரல், முடிவுல கத்தி வச்சு லெஸ்கின்காங்கற காக்கேசிய ஆட்டம். பல வருஷம் அமெரிக்கா முழுக்க சின்னச் சின்ன ஊர் ஹால் எல்லாம் பாடுனாங்க. ஜாரொவ் 1985ல நியூஜெர்சி லேக்வுட்ல தான் இறந்தாரு. இதுல வேடிக்கை என்னன்னா 1958ல சோவியத் குழு வந்தப்போ அமெரிக்கா காதுல ஏற்கனவே இருந்த "ரஷ்ய கிராமம்" சோவியத்தோட எதிரிங்க பாடுனது.

இன்னொரு கதை சொல்லாம விட மாட்டேன். நதேஷ்தா பிளெவித்ஸ்கயா. குர்ஸ்க் பக்கத்துல விவசாயி வீட்டுப் பொண்ணு, ரெண்டாம் நிக்கோலஸ் ஜார் முன்னாடியே பாடி பேரு வாங்குனவங்க. இந்த இழைல இதுவரைக்கும் வந்தவங்கள்ல நெஜமாவே கிராமத்துல இருந்து வந்த குரல்னா இவங்க தான். 1926ல அமெரிக்கா வந்தப்போ நியூயார்க்ல பெரிய ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினொவே பியானோல உக்காந்து இவங்க பாட்டுக்கு வாசிச்சு பதிவு பண்ணியிருக்காரு, அந்தப் பாட்டை தன்னோட மூணு ரஷ்யப் பாடல்கள்ல கடைசியா வச்சாரு, அது 1927ல பிலடெல்ஃபியால அரங்கேறுச்சு. அந்தப் பதிவு இன்னிக்கும் கெடைக்குது, அடக்கி வாசிக்கிறதுன்னா என்னன்னு அவரு வாசிப்புல கேளுங்க. ஆனா இந்த அம்மாவும் புருஷனும் ரகசியமா சோவியத் உளவுக்கு வேலை பாத்திருக்காங்க! 1937ல பாரிஸ்ல வெள்ளைப் படை ஜெனரல் மில்லரைக் கடத்துன வழக்குல மாட்டி 20 வருஷம் தண்டனை, 1940ல பிரான்ஸ்ல ஜெயில்லயே செத்துட்டாங்க.

---

பிட்சா_பாண்டி எழுதியது:

ஐயா இதை வெப் சீரிஸ் எடுக்கலாம், நாலு சீசன் ஓடும்.

---

கிராமத்துக்குரல் எழுதியது:

பிளெவித்ஸ்கயாவைச் சொன்னதுக்கு நன்றி ஐயா. நான் இவ்வளவு நேரம் திட்டிக்கிட்டே இருக்கேன், எது நல்லதுன்னு சொல்லலைல, சொல்லிடுறேன். திமித்ரி பொக்ரோவ்ஸ்கி. 1973ல மாஸ்கோல குழு ஆரம்பிச்சவரு. இவங்க கிராமம் கிராமமா போய் கிழவிங்க பக்கத்துல உக்காந்து பாட்டைக் கத்துக்கிட்டாங்க, நோட்ஸ் எடுத்துட்டு வந்து அழகு படுத்தல, அந்தத் தொண்டையை அப்படியே வாங்கிட்டு வந்தாங்க. திறந்த தொண்டை, வயல்ல அந்தக் கோடில இருக்கிறவனுக்கு கேக்கணும்னு பாடுற குரல், ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் பாட மாட்டாங்க, உரசும், அந்த உரசல்ல தான் உசுரே. சோவியத் அதிகாரிங்களுக்கு இது பிடிக்கல, அவங்களுக்குப் பளபளப்பு வேணும். அமெரிக்கால பால் வின்ட்டர்ங்கற சாக்ஸபோன்காரர் 1987ல இவங்களோட சேந்து எர்த்பீட்னு ஆல்பம் போட்டாரு, பிறகு குழுவே இங்க வந்து பாடுச்சு. 1994ல ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியோட திருமணம்ங்கற படைப்பை இந்த கிராமத்துக் குரல்ல பதிவு பண்ணுனாங்க, கூடவே அதுக்கு மூலமான கல்யாணப் பாட்டுங்களையும். 1923ல பாரிஸ்ல அரங்கேறுன நவீன சங்கீதம், ஆப்பரா பாடகர்கள் பாடிப் பாடி பழகுன சங்கதி, திடீர்னு ஒரு கல்யாண வீட்டுக்குள்ள போன மாதிரி ஆயிருச்சு. 1996ல மனுஷன் அம்பத்திரண்டு வயசுல போயிட்டாரு. அமெரிக்கால இவரைத் தெரிஞ்சவன் கொஞ்சம், மொய்சேயெவைத் தெரிஞ்சவன் கோடி.

---

நட்டுவாங்கம் எழுதியது:

பொக்ரோவ்ஸ்கி குழு எனக்கும் பிடிக்கும். ஆனா ஒண்ணு கேக்குறேன், அவங்களும் மாஸ்கோல படிச்ச சங்கீதக்காரங்க தானே? கிழவிகிட்ட கத்துக்கிட்டு மேடைல தானே பாடுனாங்க, அமெரிக்க ஹால்ல டிக்கெட் வச்சுத் தானே? கிராமத்துல இருந்து மேடைக்கு வந்த அடுத்த நிமிஷமே ஏதோ ஒண்ணு செஞ்சாகணும், என்ன செய்யிறோம்ங்கறதுல தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பியாத்நித்ஸ்கி 1911லயே நிஜ விவசாயிங்களை மாஸ்கோ மேடைல நிறுத்திப் பாட வச்சாரு, அதுவும் ஒரு வழி. அந்தக் குழுவே பின்னாடி சர்க்கார் குழு ஆகி சீருடை போட்டுக்கிச்சு.

---

கிராமத்துக்குரல் எழுதியது:

> என்ன செய்யிறோம்ங்கறதுல தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்

அந்த வித்தியாசத்துக்காகத் தான் அக்கா மூணு பக்கமா கத்திக்கிட்டு இருக்கேன்.

---

லிவீவ்_லதா எழுதியது:

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இப்ப எழுதணும்னு தோணுது. உக்ரைன்ல மெடிசின் படிச்சவ நான். நீங்க எல்லாரும் பேசுற அந்த உக்காந்து காலை வீசி எகிறிக் குதிக்கிற ஆட்டத்துல பெரும்பங்கு ஹோபக். அது உக்ரைனோடது. மொய்சேயெவ் 1958 நிகழ்ச்சியோட கடைசி உருப்படியே ஹோபக் தான், அரங்கம் எந்திரிச்சு நின்னு கத்துனது அதுக்குத் தான், மறுநாள் பேப்பர்ல ரஷ்ய நடனம். மொல்டோவா ஆட்டம், பெலாரஸ்ல உருளைக்கிழங்கு அறுவடை ஆட்டம் புல்பா, ஜார்ஜியாவோட போர் ஆட்டம் கொருமி, எல்லாம் அமெரிக்காக்காரன் வாய்ல ரஷ்யன். உக்ரைனுக்குன்னு 1937லயே விர்ஸ்கி ஆரம்பிச்ச தனிக் குழு இருக்கு, அதுவும் வெளிநாடு போனா அதே லேபிள். நிகழ்ச்சி நிரல்ல சரியா எழுதியிருப்பாங்க, யாரு படிக்கிறா. 2022க்கு அப்புறம் என் கூடப் படிச்ச பிள்ளைங்க கிட்ட போய் "ரஷ்யன் டான்ஸ் சூப்பர்"னு ஹோபக் வீடியோ அனுப்பிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு.

---

பழைய_வாசகர் எழுதியது:

லதா சொல்றது நியாயம். மொய்சேயெவே பொறந்தது கீவ்ல தான், 1906ல.

அரசியல் வந்ததால ஒண்ணு சேத்துக்கிறேன், எப்பவும் கைதட்டு மட்டும் இருந்ததில்ல. சோவியத்துல யூதர்களை நாட்டை விட்டுப் போக விடலைங்கற கோபம் 70கள்ல பெருசா இருந்துச்சு, அதைச் சோவியத் கலை நிகழ்ச்சி மேல காட்டுனாங்க. 1972 ஜனவரில மன்ஹாட்டன்ல ஹூராக் ஆபீஸ்ல தீக்குண்டு வச்சாங்க, அங்க வேலை பாத்த இளம் பொண்ணு ஒருத்தி புகைல மூச்சுத் திணறி செத்துட்டா, ஹூராக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அந்தப் பொண்ணும் யூதப் பொண்ணு. 1979 கடைசில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை போனதும் கலாச்சார ஒப்பந்தமே காத்துல போச்சு. 1985 நவம்பர்ல ஜெனீவால ரீகனும் கோர்பசேவும் சந்திச்சப்போ தான் மறுபடி கையெழுத்து. 1986 செப்டம்பர்ல மொய்சேயெவ் மறுபடி மெட்ரோபாலிட்டன்ல ஆடுனாரு, முதல் நாளே ஹாலுக்குள்ள கண்ணீர்ப்புகை குண்டு, ஏறக்குறைய நாலாயிரம் பேரை வெளியேத்துனாங்க. மறுநாள் திரும்ப ஆட்டம் நடந்துச்சு. அப்போ அவருக்கு எண்பது வயசு. 2007ல, 101 வயசு முடிச்சுட்டுத் தான் போனாரு.

---

மேடைக்குப்பின்னாடி எழுதியது:

ஒரு யுனிவர்சிட்டி தியேட்டர்ல லைட்டிங் பக்கம் வேலை பாத்தவன்ங்கற முறைல கொஞ்சம் நடைமுறை. சோவியத் உடைஞ்ச பிறகு ஹூராக் மாதிரி ஒத்த ஆள் கிடையாது, மாஸ்கோ அரசு காசும் சுருங்கிருச்சு. 90கள்ல சின்னச் சின்னக் குழுவா பஸ்ஸுல வந்து இறங்குவாங்க, நூறு பேருக்குப் பதில் இருபது பேரு, ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் ஒரு பயான் (பட்டன் வச்ச அக்கார்டியன்), ஒரு பாலலைகா, மிச்சம் டேப்பு. போஸ்டர்ல மட்டும் "தேசிய"ங்கற வார்த்தை இருக்கும். பாதி பேரு வந்து இங்கயே தங்கி நியூயார்க் பக்கம் கல்யாணத்துக்கும் ஸ்கூலுக்கும் ஆடுறவங்க ஆயிட்டாங்க, அவங்கள்ல அற்புதமான ஆட்டக்காரங்க உண்டு.

இன்னிக்கு இந்த மாதிரி குழுக்கள் வரணும்னா பெரும்பாலும் பி-3 விசா, தனித்துவமான பண்பாட்டுக் கலைன்னு நிரூபிக்கணும், நம்ம ஊர் கர்நாடக வித்வான்கள் வர்ற அதே கதவு தான். அமெரிக்க கலைஞர் சங்கத்துகிட்ட கருத்துக் கடிதம் வாங்கணும். இந்த இழையை அந்த விசா ஆபீசர் படிச்சா என்ன ஆகும்னு யோசிச்சேன், சிரிப்பு வந்துருச்சு, பாலே ஆள் உருவாக்குன கிராமத்து ஆட்டத்துக்கு எந்தப் பெட்டில டிக் போடுவாரு?

தரை தான் பெரிய தலைவலி. பாலேக்காரங்களுக்கு மேல வழுக்காத வினைல் விரிப்போம், இவங்க பூட்ஸ் குதிகாலுக்கு அது கிழிஞ்சு போகும், சத்தமும் வராது. வெறும் மரத்தரை வேணும், அடியில காங்கிரீட் இருந்தா முட்டி போயிடும், ஸ்ப்ரிங் இருக்கணும். எங்க எடத்துல ஒரு தடவை சாயங்காலம் ஷோ, மத்தியானம் வந்து தரையைத் தட்டிப் பாத்துட்டு அந்தக் குழுத் தலைவி ரெண்டு உருப்படியை அடிச்சுட்டாங்க.

---

ஓஹையோ_செந்தில் எழுதியது:

விசா மேட்டர் புதுசு எனக்கு. கிராமத்துக்குரல், லதா ரெண்டு பேரும் சொன்னதைப் படிச்ச பிறகு அந்த எட் சல்லிவன் வீடியோவை மறுபடி ஓட விட்டேன், ஒவ்வொரு உருப்படியும் எந்த ஊரோடதுன்னு குறிச்சுக்கிட்டே பாத்தேன், சுத்தமா ரஷ்யான்னு சொல்ல முடியறது கொஞ்சம் தான். ஆனா ஆட்டம் முன்ன விட நல்லாவே இருக்கு, என்ன பண்ண.

---

டல்லாஸ்_தனம் எழுதியது:

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும், எங்க ஊருக்கு அடுத்த மாசம் ஒரு குழு வருது, உக்ரைன்ல இருந்து வந்தவங்களும் மத்த ஊர்க்காரங்களும் கலந்த குழுவாம், ஹோபக் இருக்குன்னு போட்டிருக்கு. முன் வரிசைல டிக்கெட் இருக்கு, விலை ஜாஸ்தி. ரெண்டு பிள்ளைங்களோட போகலாமா நட்டுவாங்கம் அக்கா?

---

நட்டுவாங்கம் எழுதியது:

தாராளமா போங்க தனம். முன் வரிசை வேண்டாம், காசும் மிச்சம். பால்கனில முதல் ரெண்டு வரிசை எடுங்க, வட்டம் உடைஞ்சு கோடு ஆகிறது, கோடு ரெண்டு வட்டமா பிரியறது எல்லாம் மேல இருந்து தான் தெரியும், கீழ இருந்தா முன்னாடி நிக்கிற பூட்ஸ் மட்டும் தான் தெரியும். பொண்ணுங்க மெதுவா ஆடுற உருப்படி வர்றப்போ பிள்ளைங்களைப் பாவாடை ஓரத்தைப் பாக்கச் சொல்லுங்க, ஆடுதா இல்லையான்னு. டேப்பு போடாம ஆளு வாசிச்சா நல்ல குழு.

---

கிராமத்துக்குரல் எழுதியது:

டேப்பு போட்டா பாதில எந்திரிச்சு வந்துருங்க. இல்லன்னா இருந்து பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க, நானும் படிக்கிறேன்.